இருபத்தேழாம் நாற்காலியில் கதவு காத்தவன்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், கடைக்கு ஆள் சேர்க்க நான் கதை கட்டுகிறேன் என்றார்கள். கடையை மூடியே ஒரு வருடம் ஆகிறது. இனி யாரைச் சேர்த்து என்ன செய்யப் போகிறேன்? அதனால் ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், நடந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிர்யாங் ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, கோழி வறுவல் கடைக்கு மேல்மாடி. நாற்பது கம்ப்யூட்டர் போட்ட பிசி பாங், அதாவது மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடும் கடை. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே இருட்டுதான். விவாகரத்துக்குப் பிறகு நான் ஒருத்தியாக நடத்தி வந்த கடை.

அடுத்தது பின்வரிசை. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பிசி பாங்கில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்கு விளையாட்டுக் கம்பெனிகள் சலுகை தருவது வழக்கம். புள்ளி கூடுதலாக ஏறும், நல்ல ஆயுதம் சீக்கிரம் கிடைக்கும். வீட்டிலிருந்து ஆடினால் அது கிடையாது. ஆனால் வீட்டை விட்டு இறங்க இந்தப் பிள்ளைகளுக்கு மனம் வராது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து என் கடைக் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைந்து, அதை அங்கிருந்தே ஓட்டுவார்கள். ஆள் என் கடையில்தான் இருக்கிறான் என்று விளையாட்டு நம்பிக்கொள்ளும். எனக்கு மாத வாடகை. ஆள் வராது, அழுக்கு வராது.

அப்படிப் பின்வரிசை முழுவதையும் வாடகைக்கு விட்டிருந்தேன். நாற்காலிகள் காலியாக இருக்கும். திரைகளில் மட்டும் வாள் சுழலும், குதிரை ஓடும், ஆள் விழுவான். மேசை மேல் மவுஸ் அசையாது. திரையில் அம்புக்குறி மட்டும் அலையும். புதிதாக வருகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எனக்குப் பழகிவிட்டிருந்தது.

அந்த வரிசையில் இருபத்தேழு, தோவான் என்ற பையனுடையது. அவன் இருந்தது தெகு நகரத்தில், ஏதோ ஒரு மொட்டைமாடி அறையில். முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கடையில் ஒவ்வொரு திரையிலும் சாப்பாட்டுக்கு ஆர்டர் தர ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினால் கல்லாவில் 'டிங்' என்று மணி அடித்து எனக்கு வந்து சேரும். தெகுவில் உட்கார்ந்துகொண்டு இவன் தினமும் அதில் ராம்யன், அந்தச் சூடான நூடுல்ஸ் சூப், கேட்டு எழுதுவான்.

"அக்கா, 27க்கு ஒரு ராம்யன். முட்டை ரெண்டு."

"வாயைத் தெகுவிலேர்ந்து நீட்டு, ஊத்துறேன்."

"பக்கத்து சீட்காரனுக்குக் குடுத்துட்டு ருசி எப்படின்னு கேட்டுச் சொல்லுங்க."

"பக்கத்து சீட்லயும் ஒருத்தனும் இல்லடா, தடியா."

"அப்ப நீங்களே சாப்பிடுங்க. மணி எட்டாச்சே, சாப்டீங்களா?"

அந்த வருடம் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆள் அவன் ஒருவன்தான்.

அவனை என் கடைக்குச் சேர்த்துவிட்டவன் என் தம்பி கிதே. கொஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். இருவரும் ஒரே படை. அது கோட்டைப் போர் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு முற்றுகை தொடங்கும். ஒன்பது மணிவரை எதிரிகள் கோட்டைக் கதவை உடைக்காமல் பார்த்துக்கொண்டால் கோட்டை நம்முடையது. படைத்தலைவன் சுவோன் நகரத்துப் பியோ. தோவான்தான் கதவுக் காவல். பெரிய இரும்புக் கவசம் போட்ட உருவம், இரண்டு ஆள் அகலக் கேடயம். அவன் நின்றால் கதவு நிற்கும் என்று தம்பி பெருமையாகச் சொல்வான்.

மே மாதக் கடைசியில் இருபத்தேழு அமைதியானது. ராம்யன் இல்லை, கிண்டல் இல்லை. வேறு கடை பார்த்துக்கொண்டான் என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தம்கூட.

ஜூன் நடுவில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, 27 எனக்கு வேணும்."

"உனக்குத்தான் 31 இருக்கே. எதுக்கு?"

"27ம் வேணும்."

"ஏன்டா, அதுல மட்டும் தேன் வழியுதா?"

"அந்தக் கேரக்டரை அந்த மெஷின்ல மட்டும்தான் திறக்க முடியும். அப்படிப் பதிஞ்சு வெச்சிருக்கு."

"எந்தக் கேரக்டரு?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தோவானோடது. அவன் விட்டுட்டான்க்கா. தலைவரு என்னை ஓட்டச் சொல்லியிருக்காரு."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையே அந்தப் பய."

"ம்."

திறந்து கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

முதலாவது, தூசி. பின்வரிசைக் கீபோர்டுகளை யாரும் தொடுவதில்லை. வாரம் ஒரு முறை நான் துணியால் துடைத்தால் சாம்பல் நிறமாக அப்பும். அந்த வாரம் இருபத்தாறு, இருபத்தெட்டு எல்லாவற்றிலும் தூசி. இருபத்தேழில் இல்லை. நடக்கவும் திரும்பவும் அழுத்துகிற நான்கு கட்டைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பளபளப்பு. யாரோ பையன் திருட்டுத்தனமாக உட்கார்ந்து ஆடியிருப்பான் என்று துடைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது, கு ஐயா. கு என்பது அவர் குடும்பப் பெயர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட என் கடைக்கு வருகிறவர். ஒருநாள் சாயங்காலம் கல்லாவில் வந்து நின்றார்.

"முதலாளியம்மா, அங்க பின்னாடி ஒருத்தன் மூச்சு வாங்கிக்கிட்டே கிடக்கான். இங்க என் ஆட்டம் கலையுது. போய்ச் சொல்லுங்க."

"பின்னாடி யாருமில்ல ஐயா. அது ரிமோட் வரிசை."

"எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுச் சளி அவனுக்கு. டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

"தோத்துட்டீங்களா?"

"தோத்தது வேற விஷயம்."

சிரித்தோம். ஆனாலும் அவர் போன பிறகு நான் பின்வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். காலி. இருபத்தேழாம் திரையில் இரும்புக் கவச உருவம் கதவுக்கு முன்னால் சும்மா நின்றிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் நாற்காலி மெத்தைகள் காற்றடைத்தவை. உட்கார்ந்தவர் எழுந்தால் காற்று உள்ளே ஏறி, 'ஸ்ஸ்ஸ்...' என்று மெதுவாக உப்பும்.

இருபத்தேழாம் நாற்காலி உப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, ஆர்டர். ஜூன் கடைசி. மழைக்காலம் தொடங்கியிருந்தது. கல்லாவில் 'டிங்'.

"27க்கு ஒரு ராம்யன். முட்டை ரெண்டு. அக்கா, சாப்டீங்களா?"

தம்பிதான் குறும்பு செய்கிறான் என்று உடனே போன் போட்டேன்.

"டேய், தோவான் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கிச்சா? ராம்யன் வேணுமாம்ல."

"என்ன ராம்யன்?"

"27லேர்ந்து இப்பத்தானே எழுதின. முட்டை ரெண்டுன்னு."

"நான் வேலையில இருக்கேன்க்கா. ஏணி மேல நிக்கிறேன். கையில வெல்டிங் டார்ச்சு."

பின்னால் இரும்பு இழைக்கும் சத்தம் உண்மையாகவே கேட்டது.

"அக்கா... அதுல வேற ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

"சாப்டீங்களான்னு."

போனை வைத்துவிட்டான்.

அந்த வாரமே தம்பி தளத்து விடுதியைக் காலி செய்தான். தூக்கத்தில் கத்துகிறானாம், கூட இருப்பவர்கள் சண்டை போட்டார்களாம். தனியாக ஓர் அறை பார்த்துப் போய்விட்டான். விலாசம் கேட்டேன். "சாமானெல்லாம் அடுக்கிட்டு அனுப்புறேன்" என்றான். அனுப்பவில்லை. விளையாட்டை விட்டுவிடுவதாகச் சொன்னான். தலைவர் விடவில்லையாம். இந்த ஞாயிறு ஒன்று மட்டும் கதவு காத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றாராம்.

ஜூலை முதல் ஞாயிறு. மழை கொட்டியது. கீழே கோழிக் கடைகூட மூடிவிட்டார்கள். ஏழரைக்குக் கு ஐயாவும் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். கடையில் நான் மட்டும். பின்வரிசைத் திரைகளில் எட்டு மணிக்கு முற்றுகை தொடங்கியது.

எட்டு இருபது இருக்கும். தம்பியின் போன்.

"அக்கா... 27ஐ அணைச்சிடு..."

குரல் சரியில்லை. காற்றுக்கு இழுத்துக்கொண்டு பேசினான்.

"என்னடா ஆச்சு?"

"நான் ஆடல. எட்டு மணிக்கே வெளிய வந்துட்டேன். என் பக்கம் ஒயரையே பிடுங்கிட்டேன்... ஆனா அது ஆடுது. கதவுல நிக்குதாம். எல்லாரும் போன்ல என்னைப் பாராட்டி எழுதுறாங்க..."

"கிதே, உனக்கு உடம்பு..."

"நெஞ்சு அடைக்குதுக்கா. இடது கை வரல."

"எங்கடா இருக்க? விலாசம் சொல்லு!"

"கொஜேல..."

டக் என்று ஏதோ விழுந்தது. போன்.

பிறகு தொடர்பே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அணைந்திருக்கிறது என்றது.

அவசர உதவிக்கு, 119க்குப் போன் செய்தேன்.

"விலாசம் சொல்லுங்கம்மா."

"தெரியாது. புது அறை. கொஜேல."

"கொஜேல எங்க?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல! அவன் நம்பரைப் பிடிச்சுப் பாருங்க."

"போன் அணைஞ்சிருக்கும்மா. கடைசியா இருந்த கோபுரம்தான் தெரியுது. அதைச் சுத்தி நூத்துக்கணக்குல அறை இருக்கு. தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தெரிந்தவர்கள். தம்பிக்கு இருந்த தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தத் திரைக்குள்தான் இருந்தார்கள்.

போனைக் கல்லாவில் வைத்துவிட்டுப் பின்வரிசைக்கு ஓடினேன்.

இருபத்தேழு.

கட்டைகள் அமுங்கிக்கொண்டிருந்தன.

டக். டக்டக். டக்.

ரிமோட்டில் ஓட்டினால் கட்டை அமுங்காது. ஆறு வருடம் அந்த வரிசையைப் பார்த்தவள் நான். திரைதான் அசையும். கட்டை அமுங்கவே அமுங்காது.

மெத்தை அமுங்கியிருந்தது.

உட்காரவில்லை. நின்றபடியே ஹெட்செட்டை எடுத்து ஒரு காதில் வைத்தேன். அதன் காது மெத்தை... சூடாக இருந்தது.

உள்ளே ஒரே கூச்சல். படை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

"நான் கிதேவோட அக்கா பேசறேன்! அவன் விலாசம் யாருக்குத் தெரியும்?"

கூச்சல் நின்றது. ஒரு குரல் மட்டும் வந்தது. சுத்தமான, அதிகாரமான குரல்.

"அக்காவா? நான் பியோ. கிதே அருமையா ஆடுறானே, என்ன விஷயம்?"

"அவன் ஆடல! நெஞ்சு வலில கிடக்கான். விலாசம் சொல்லு!"

"அக்கா, அவன் போன வாரமும் இதே மாதிரி நழுவப் பாத்தான். கேரக்டர் கண்ணு முன்னாடி நிக்குது. எப்படி ஆடலேங்கிறீங்க?"

"உங்கிட்ட விலாசம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அவனுக்குக் கீபோர்டு அனுப்பினேன். தேடணும். இப்ப கையை எடுக்க முடியாது. கொஞ்சம் பொறுங்க. முற்றுகை முடியட்டும். இருபது நிமிஷம்தான்."

"செத்துருவான்டா!"

"இருபது நிமிஷத்துல யாரும் சாக மாட்டாங்க, அக்கா."

கட்டைச் சத்தம் நின்றது.

திரையில் இரும்புக் கவச உருவம் திரும்பியது. எதிரிகள் பக்கம் இல்லை. உள்பக்கம். கோட்டை மாடத்தில் நின்ற தலைவனின் உருவத்தைப் பார்த்து.

அப்படியே நின்றது.

"ஏய், கதவைப் பாரு! எதிரி வர்றான்!"

நகரவில்லை.

எனக்கு மிக அருகில்... யாரோ மூச்சு வாங்கினார்கள். நெஞ்சுச் சளி அடைத்த மூச்சு. ஹெட்செட்டில் இல்லை. மற்றக் காதில்.

கால்கள் ஓடச் சொல்லின. ஓடவில்லை. தம்பி அங்கே தரையில் கிடந்தான்.

"யாரா இருந்தாலும் சரி," என்றேன். "நீ வேற யாரை என்ன வேணா பண்ணிக்கோ. நான் கேக்க மாட்டேன். என் தம்பி எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு."

ஸ்ஸ்ஸ்...

மெத்தை உப்பியது. மெதுவாக. முழுசாக.

எனக்கு இடம் விட்டு யாரோ எழுந்த மாதிரி.

கல்லாவில் மணி அடித்தது.

டிங்.

ஓடினேன். கல்லாத் திரையில் ஆர்டர். 27லிருந்து. ராம்யன் இல்லை. கொஜே, ஓக்போ, தெருவின் பெயர், கட்டடத்தின் பெயர், மூன்றாம் மாடி, அறை எண். அதற்குக் கீழே, வாசல் பூட்டின் ரகசிய எண்கூட இருந்தது.

119க்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "வண்டி கிளம்பிருச்சும்மா" என்றார். போனை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாற்பத்தொன்று.

பிறகு பின்வரிசைக்குப் போய், குனிந்து, இருபத்தேழை அணைத்தேன். திரை கறுத்தது. கல்லாவுக்குத் திரும்பி வந்தேன். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

போன் அடித்தது. கொஜே மருத்துவமனை. தம்பி பிழைத்துவிட்டான்.

"மூணு தடவை கூப்பிட்டோமேம்மா, நீங்க எடுக்கவே இல்லையே," என்றாள் அந்த நர்ஸ்.

கடிகாரம் ஒன்பது பத்து காட்டியது.

இனி, பின்னால் தெரிந்ததைச் சொல்கிறேன். விடிந்ததும் முதல் பேருந்து பிடித்துக் கொஜே போனேன். தம்பி படுக்கையில் கிடந்தான், மூக்கில் குழாய். முப்பது வயதில் இப்படி ஒரு மாரடைப்பு, அதுவும் இதயத்தில் ஒரு குறையும் இல்லாத ஆளுக்கு. எங்களுக்கே விளங்கவில்லை என்றார் டாக்டர். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்றார். அவர் போனதும் தம்பி அழுதான். தோவான் விளையாட்டை விடவில்லை. செத்துப்போயிருந்தான்.

மே மாதக் கடைசி ஞாயிறு. முற்றுகை நடுவில், கதவில் நின்றபடியே, படை முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, நெஞ்சு அடைக்குது. கை வரல. யாராச்சும் 119க்குப் போன் பண்ணுங்க." தனியாக இருக்கிறவன். போன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்ததாம். பியோ சொன்னானாம்: "கொஞ்சம் பொறு. நீ கையை எடுத்தா கதவு போச்சு. முற்றுகை முடியட்டும்." பதினேழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் அவன் விளையாடுகிறான் என்று சிரித்தார்கள். மற்றவர்கள் தலைவன் பேச்சுக்கு மேல் என்ன பேசுவது என்று இருந்துவிட்டார்கள்.

"நீ?"

"நான் போனைக் கையில எடுத்துட்டேன்க்கா. நம்பர்கூட அழுத்தினேன். 'யாரும் குழப்பாதீங்க'ன்னு தலைவர் ஒரு சத்தம் போட்டாரு. வெச்சுட்டேன்."

தோவான் ஒன்பது மணிவரை கதவைக் காத்திருக்கிறான். கோட்டையை ஜெயித்துக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு அந்த உருவம் அசையவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கார அம்மாள்தான் கதவைத் திறந்து பார்த்தாளாம். படையினர் விளையாட்டுக்குள்ளேயே கூடி, கோட்டைக் கதவுக்கு முன் வரிசையாக நின்று வணங்கினார்கள். பூ வைத்தார்கள். அடுத்த வாரமே, செத்தவனுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் காரியம்கூட முடியாத நிலையில், அவன் உருவத்தை எழுப்பி மறுபடி கதவில் நிறுத்தினான் பியோ. கடவுச்சொல் அவனிடம் இருந்தது. ஓட்டியவன் என் தம்பி.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பியோவின் நம்பரைக் கொடு, நான் கேட்கிறேன் என்றேன். அப்போது தம்பியின் போன் அடித்தது. படையில் ஒருவன், ஹ்வாங் என்று பெயர். தம்பிக்குக் கையைத் தூக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"கிதே... தலைவரு போய்ட்டாருடா."

"எங்க?"

"செத்துட்டாரு. ராத்திரி, முற்றுகையிலயே. நாற்காலியில உக்காந்தபடியே. ஹெட்செட்டுகூடக் கழட்டல."



"நாங்க எல்லாரும் கேட்டோம்டா. நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாரு, கை வரலைன்னு சொன்னாரு. யாராச்சும் 119க்குப் பண்ணுங்கன்னு கெஞ்சினாரு. நாங்க பதினாறு பேர். யாரும் போன் எடுக்கல. எடுக்க முடியல. அந்தக் குரல் பேசிக்கிட்டே இருந்துச்சு..."

"எந்தக் குரல்?" என்று கேட்டது நான்.



"இந்தக் குரல்தான்," என்றான் ஹ்வாங். போன் துண்டிக்கப்பட்டது.

மிர்யாங் திரும்பியதும் கடைக் கேமராவைப் போட்டுப் பார்த்தேன். அதில் சத்தம் பதியாது, படம் மட்டும்தான். எட்டு நாற்பத்தொன்றுக்குக் கல்லாவில் போனை வைக்கிறேன். பின்வரிசைக்குப் போகிறேன். குனியவில்லை. எதையும் அணைக்கவில்லை. இருபத்தேழில் உட்கார்கிறேன். ஹெட்செட்டை இரண்டு காதிலும் மாட்டுகிறேன். இடது கை கட்டைகளில், வலது கை மவுஸில். நான் ஒற்றை விரலால் தட்டுகிறவள். படத்தில் விரல்கள் பறக்கின்றன. கல்லாவில் போன் ஒளிர்கிறது, அணைகிறது, மறுபடி ஒளிர்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது மணிவரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது.

என்ன பேசினேன் என்று தெரிந்துகொள்ள ஹ்வாங்குக்கு நானே எழுதினேன். பல நாள் பதில் இல்லை. பிறகு இரண்டு வரி வந்தது. அந்தக் குரல் கத்தவில்லையாம், மிரட்டவில்லையாம். அன்பாகவே சொன்னதாம், திரும்பத் திரும்ப:

"அண்ணே, கதவுல நான் நிக்கிறேன். நீங்க எங்கயும் போக வேணாம்."

செத்துப்போன பியோவுக்கு வயது முப்பத்தொன்று. எனக்கு நாற்பத்து நான்கு. என்னைவிடச் சின்னவன் எவனையும் நான் வாழ்க்கையில் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.